உப்புத் தெரியாத இரண்டு நாக்குகள்

மட்டாஞ்சேரி பஜாரில் நான் உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. அரிசித் தரகு என் தொழில். ஒரு சரக்குக் கோடவுனிலிருந்து கைப்பிடி அரிசியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இன்னொரு கடைக்கு நடப்பது, அங்கே விலை கேட்டுக்கொண்டு திரும்பி நடப்பது, இரண்டு பக்கமும் படியாவிட்டால் மறுபடியும் நடப்பது. இதில் உட்கார நேரம் ஏது? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று என் மனைவி பேச்சியம்மாள் கல்யாணமான புதிதில் சொன்னாள். அறுபது தாண்டிய பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவனைக் கட்டிலில் கிடத்தி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, அசையக் கூடாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? 1980களின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு அதுதான் நடந்தது. இப்போதும் வெளியே இறங்கினால் பார்க்கிறவர்கள் எல்லோரும் காலைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கவனித்துப் படித்தால் நல்லது.

கதை காலில் தொடங்கவில்லை. அதற்கு முந்தைய வருஷ மழையில் எனக்கு நிமோனியா வந்தது. நெஞ்சுக்குள் சளி கட்டிக் காய்ச்சலடித்து, மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருந்தது. பக்கத்து டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு உடம்பு பழையபடி ஆகவே இல்லை. ஒரு சளி போனால் அடுத்த சளி. அது போனால் முதுகில் கட்டி. கட்டி உடைந்தால் வயிற்றுப்போக்கு. பஜாரில் யார் தும்மினாலும் மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்கிற நிலை.

வீட்டில் பத்தியம் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒரு வைத்தியர் உண்டு. பருப்பு வாயு என்றார், கடலை கரப்பான் என்றார், எள் சூடு என்றார், தயிர் சளி என்றார். ஒவ்வொரு நோய்க்கும் ஒன்றை நிறுத்தினார். நோய் போன பிறகு நிறுத்தியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியது பொடியரிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் உப்பில் ஊறிய எலுமிச்சங்காயும்தான். பொடியரி என்றால் உடைந்த குறுநொய். ஆயுசு முழுக்க நல்ல அரிசியிலிருந்து அதைச் சலித்துத் தள்ளச் சொன்னவன், மூன்று வேளையும் அதையே குடித்தேன். இடையிடையே பால் விடாத கட்டன் சாயா. அதில் நனைத்துத் தின்ன ரஸ்க்.

இதையெல்லாம் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எர்ணாகுளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள் செல்வி, படகு ஏறி வரும்போதெல்லாம் அங்கே பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய ரஸ்கும் பிஸ்கட்டும் ஒரு பை நிறையக் கொண்டுவருவாள். பக்கத்து வீட்டுக் கொங்கணி அம்மா கூவைக்கிழங்குப் பொடியைப் பாலில்லாமல் காய்ச்சி அனுப்புவாள். எதிர்வீட்டுக்காரர் ஜவ்வரிசி. உடம்பு சரியில்லாதவனுக்கு லேசாகக் கொடுக்க வேண்டும் என்பதில் எங்கள் தெருவில் சாதி மத பேதமே கிடையாது.

என் நாக்கு செத்துப்போனதும் அப்போதுதான். அரிசியை வாயில் போட்டுக் கடித்தால் பழசா புதுசா, நனைந்து காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். அந்த வருஷம் எல்லா அரிசியும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. பூஞ்சை வாடை அடித்த மூட்டையை நல்ல சரக்கு என்று சொல்லி ஒரு கடைக்காரரிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டேன். காய்ச்சல்காரன் நாக்கு, போகப் போகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். கஞ்சியை வைத்துவிட்டு உப்பு சரியா இருக்கா என்று பேச்சியம்மாள் தினமும் கேட்பாள். சரியாக இருக்கிறது என்பேன். நாற்பது வருஷமாக வாய் பழகிய பதில்.

பிறகுதான் கால். படகுத்துறையில் படகிலிருந்து இறங்கும்போது பலகையின் ஆணி கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. சின்னக் கீறல். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வாரத்தில் ஆற வேண்டியது ஆறவில்லை. மாதம் ஒன்றானது, இரண்டானது. ஒரு ரூபாய் அகலத்துக்கு விரிந்து, உள்ளங்கை அளவுக்கு வந்தது. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கறுப்பு. களிம்பு, பவுடர், வேப்பிலைத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. தெருவில் சிலர் என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நோயின் பெயரை நாங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பேச்சியம்மாள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திப் பார்த்ததை நான் கவனிக்காமல் இல்லை.

செல்விதான் பிடிவாதமாகப் படகில் ஏற்றி அக்கரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காத்திருக்கும் இடத்தில் பெஞ்சு நிறைய ஜனம். நான் நடந்துகொண்டே இருந்தேன். சீட்டு எழுதும் ஜன்னல்வரை போவது, திரும்புவது, மறுபடியும் போவது. பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். உட்காருங்கப்பா என்று செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

பரிசோதனைகள் நடந்தன. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள், இல்லை. எலும்பில் அழுகல் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், இறங்கவில்லை. பிறகு கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் காலையும் கையையும் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்கள். தோலில் உணர்ச்சி போயிருந்தால் எங்கள் வீட்டில் பெயர் சொல்லாத அந்த நோய் என்று அர்த்தம். பயத்தில் நான் பஞ்சு படுவதற்கு முன்பே தெரியுது தெரியுது என்று சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவும் இல்லை என்று ஆனபோது, கூட வந்திருந்த பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் இது இல்லை, அது இல்லை என்று சொன்னவர்களுக்கு, பின் என்னதான் என்று சொல்லத் தெரியவில்லை. சர்ஜன் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆண் வார்டில் படுக்கச் சொன்னார். கறுப்பு மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும், பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற சொல்லை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். நடக்காத தரகனுக்கு யார் சரக்குக் காட்டுவார்கள்? நடக்காமல் நான் எப்படி இருப்பேன் என்பது அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.

வார்டின் ஜன்னல் வழியாகக் காயல் தெரிந்தது. மட்டாஞ்சேரிப் படகு போகும், வரும். அதன் மணிச்சத்தம் கேட்கும். படுத்துக்கொண்டு அதைக் கேட்பதைவிடப் பெரிய தண்டனையை எனக்காக யாரும் யோசித்திருக்க முடியாது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் நான் மெல்ல இறங்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புண்ணிலிருந்து தரையில் சொட்டுவதைப் பார்த்து நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள். இரவில் மின்விசிறி கிறீச்சிடும், யாராவது முனகுவார்கள், நான் கட்டுப்போட்ட காலை முகர்ந்து பார்ப்பேன். நாற்றம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தெரியவில்லை. மூக்கும் நாக்கோடு சேர்ந்து போயிருந்தது.

ஊசிமருந்துகளை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. பில்லை என்னிடம் காட்டாமல் செல்வி கட்டினாள். பேச்சியம்மாள் தினமும் காலைப் படகில் தூக்குச்சட்டியோடு வந்து சாயங்காலப் படகில் போவாள். அவள் கொண்டுவந்த கஞ்சியைத்தான் நானும் குடித்தேன், அவளும் குடித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பரீது என்ற, சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. மூட்டை சரிந்து தோள் எலும்பு முறிந்து படுத்திருந்தான். அவன் மனைவி பீவாத்து குரலும் கையும் பெரிய பெண். அவள் தூக்கைத் திறந்தால் கக்கா என்கிற மட்டி இறைச்சியைத் தேங்காயோடு வறுத்த வாசனை வார்டு முழுக்கப் பரவுவதாக மற்றவர்கள் சொல்வார்கள். தினமும் எங்களுக்கும் நீட்டுவாள். பேச்சியம்மாள் பத்தியம் என்று சொல்லி மறுப்பாள். ஒருநாள் பீவாத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கொடுப்பதை நீங்கள் தின்னாவிட்டால் போகிறது, நீங்கள் கொண்டுவந்ததை நான் தின்கிறேன் என்று சொல்லி, எங்கள் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். விட்டவள் ஜன்னலுக்கு ஓடித் துப்பினாள்.

"சேச்சி, இதெந்து கஞ்ஞியா? கடல்வெள்ளம் கோரி அடுப்பில் வெச்சதாணோ?"

கடல் தண்ணீரை மொண்டு காய்ச்சினாயா என்று கேட்கிறாள். பேச்சியம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. அவசரமாக ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"சரியாத்தான இருக்கு? கொஞ்சம் கம்மியோன்னுகூட நெனச்சேன்."

என்னைப் பார்த்தாள். நானும் குடித்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்றேன். பரீது ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே தண்ணீர் கேட்டான்.

அந்த நேரத்தில்தான் பாலக்காட்டு டாக்டரம்மா ரவுண்டு வந்தாள். சர்ஜனுக்குக் கீழே வேலை பார்க்கும் இளவயது டாக்டர். எங்களோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள். பீவாத்து நடந்ததை நடித்தே காட்டிவிட்டாள். வார்டே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தூக்கை வாங்கி விரல் நுனியில் ருசி பார்த்தாள். பிறகு ஒரு தம்ளரில் சர்க்கரைத் தண்ணீரும் இன்னொன்றில் உப்புத் தண்ணீரும் கலக்கி, பஞ்சில் தொட்டு எங்கள் இருவர் நாக்கிலும் வைத்தாள். எது எது என்று கேட்டாள். எனக்கு இரண்டும் தண்ணீர். பேச்சியம்மாள் இரண்டையும் மாற்றிச் சொன்னாள். பரீதுக்கு வைத்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டே சரியாகச் சொன்னான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

"ஒருத்தருக்கு ருசி போனா இன்னொருத்தர் சொல்லிடுவா. உங்காத்தில ரெண்டு பேருக்கும் சேர்ந்து போயிருக்கு. அதான் யாருக்கும் தெரியலை," என்றாள் டாக்டரம்மா. "என்ன சாப்பிடறேள்? இன்னிக்கு இல்லை, இந்த ஒரு வருஷமா."

கஞ்சி, பப்படம், எலுமிச்சங்காய், ரஸ்க், சாயா என்று நான் ஒப்பித்தேன். பருப்பு? இல்லை. கடலை? இல்லை. தயிர், எள்? இல்லை. மீன், முட்டை?

நான் அதுவும் வைத்தியர் சொன்ன பத்தியம் என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் நாணயம். எனக்கு நிமோனியா வந்து மூச்சுத் திணறிய அன்று பழனி முருகனுக்கு நேர்ந்து முடிந்தது என்றாள். உடம்பு முழுசாகத் தேறும்வரை இரண்டு பேரும் மீனும் கறியும் முட்டையும் தொடுவதில்லை என்று வேண்டுதல். என்னிடம் சொன்னால் நான் கேலி பண்ணுவேன் என்று வைத்தியர் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். காய்ச்சல் போயிற்று, கட்டி வந்தது. கட்டி போயிற்று, புண் வந்தது. உடம்பு முழுசாகத் தேறவில்லை, வேண்டுதலும் முடியவில்லை.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உடம்புக்கு இரும்புச் சத்து வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுபோலத் துத்தநாகமும் வேண்டும், ரொம்பக் கொஞ்சமாக. புதுத் தோல் வளர, நாக்குக்கு ருசி தெரிய, வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்த்து நிற்க, இந்த மூன்றுக்குமே அது தேவை. உடம்பு அதைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. அன்றாடம் உள்ளே போக வேண்டும். வயதானால் சாப்பாடு குறைகிறது, சாப்பிட்டதிலிருந்து இழுத்துக்கொள்வதும் குறைகிறது. அதில் பத்தியம் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பிட்ட கையோடு குடிக்கிற சாயாவும் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. இறைச்சி, மீன், கக்கா, முட்டை இவற்றில் துத்தநாகம் நன்றாக இருக்கிறது. கடலை, எள், பயறு, முந்திரி, தயிர் இவற்றிலும் உண்டு. பொடியரிக் கஞ்சியிலும் ரஸ்கிலும் தேட வேண்டும்.

துத்தநாகம் என்றால் எனக்குத் தெரிந்தது கோடவுன் கூரைத் தகட்டில் பூசுவதும் டார்ச் பாட்டரிக்குள் இருப்பதும்தான். கூரைக்குப் போடுவதை என் காலுக்குப் போடுகிறேன் என்கிறாயே என்றேன். அவள் சிரித்தாள். கூரை துருப்பிடிக்காமல் இருக்கிறதா இல்லையா என்றாள்.

ஆனால் நேர்மையான பெண். இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்னாள். ரத்தத்தில் இதை அளக்கிற வசதி இங்கே இல்லை, இரண்டு பேர் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பிப் பதில் வர நாளாகும். அதுவரை மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். நல்லது என்று அள்ளிப் போட்டாலும் ஆபத்து, அளவு மீறினால் உடம்பில் தாமிரம் குறைந்துபோகும். சர்ஜன் முதலில் உதட்டைப் பிதுக்கினார். பிறகு, செய்து பார், நஷ்டமில்லை, ஆனால் கறுப்பு ஏறினால் நான் காத்திருக்க மாட்டேன் என்றார்.

பீவாத்து உடனே கக்கா தூக்கை எடுத்து நீட்டினாள். பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தாள். எனக்கு வந்ததே கோபம். காலை வெட்டப்போகிறேன் என்கிறான், நீ ஒரு ரூபாயைக் காட்டுகிறாயே என்று கத்திவிட்டேன். அவள் குரல் உயரவே இல்லை.

"முருகன்கிட்ட சொன்னத மாத்திப் பேச எனக்குத் தெரியாதுங்க. நீங்க அன்னிக்கு மூச்சு விட்டதே அந்தச் சொல்லுலதான்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அதப் பிடுங்காதீங்க."

டாக்டரம்மாதான் வழி சொன்னாள். வேண்டுதலில் கடலை இல்லையே, அது வைத்தியரின் பத்தியம்தானே, அதை நான் ரத்து பண்ணுகிறேன் என்றாள். மறுநாளிலிருந்து சாப்பாடு மாறியது. முளைகட்டிய பயறு, வேகவைத்த கொண்டைக்கடலை, வறுத்த கப்பலண்டி, எள்ளுப்பொடி, தயிர். கப்பலண்டி என்று இங்கே சொல்வது நிலக்கடலையை. செல்வி ரஸ்குப் பைக்குப் பதில் கப்பலண்டிப் பொட்டலமாகக் கொண்டுவந்து குவித்தாள். எனக்கு எல்லாம் மரத்தூள்தான். மாத்திரையோடு சேர்த்து மென்று விழுங்கினேன்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். கட்டுப் பிரிக்கும்போது சர்ஜன் குனிந்து பார்த்து மூடிவிட்டுப் போனார். கறுப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். நான் படுக்கையில் நெளிந்துகொண்டிருந்தேன். அதனால் பேச்சியம்மாள் இருமுவது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழுந்தது. உதட்டு ஓரங்களில் வெடிப்பு. ஜாக்கெட் தோளில் தொங்கியது. வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். கஞ்சி என்றாள். பயறும் கடலையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களுக்குத்தானே சொன்னார்கள் என்றாள். அன்று சாயங்காலம் படகுக்குக் கிளம்பியவள் வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பீவாத்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். நிமோனியா. எனக்கு வந்த அதேதான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். நான் இறங்கி ஓடப் பார்த்தேன். டாக்டரம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அதுவரை அவள் என்னிடம் கடிந்து பேசியதில்லை.

"பெரியவரே, அவா ஊசி போட்டுக்கறா, மாத்திரை சாப்பிடறா, பயறும் சாப்பிட ஒத்துண்டுட்டா. ஆனா முட்டை அடிச்சுக் கொடுத்தா வாயைத் திறக்கலை. புண் ஆறட்டும்கறா. அவாளுக்கு ஏதாவது செய்யணும்னா நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். அசையாம கிடங்கோ."

என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். படகு மணி அடிக்கும், எழவில்லை. பெண்கள் வார்டிலிருந்து இருமல் கேட்கும், அவளுடையதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன், எழவில்லை. கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும், கால் மட்டும் தலையணை மேல் கட்டை மாதிரி. பீவாத்து இரண்டு வார்டுக்கும் நடையாய் நடந்தாள். சேச்சி கண்ணைத் திறந்தாள், சேச்சிக்குச் சூடு குறைந்தது, சேட்டன் சாப்பிட்டாரா என்று சேச்சி கேட்டாள் என்று செய்தி கொண்டுவருவாள். சேட்டன் அசைந்தாரா என்று கேட்கச் சொன்னாள் என்றும் ஒருநாள் சொன்னாள். இல்லை என்று சொல், கால் மேல் சத்தியம் என்றேன்.

ஒருநாள் காலையில், கட்டுப் பிரித்த நர்ஸ் சர்ஜனைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். ஓரத்தில் கறுப்புக்குப் பதில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று உள்நோக்கி ஏறியிருந்தது. புதுத் தோல். சர்ஜன் டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். மருந்து போட்டதாலா, அசையாமல் கிடந்ததாலா, சாப்பாட்டாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம்தான் என்று அவள் பிறகு சொன்னாள். ரத்தப் பரிசோதனைப் பதிலும் அந்த வாரம் வந்தது. இருவருக்கும் துத்தநாகம் குறைவு, என்னைவிட அவளுக்கு இன்னும் குறைவு. இரண்டு பேருக்குமாகக் காய்ச்சிய கஞ்சியில் பெரும் பங்கு எனக்குத்தான் வந்திருக்கிறது.

கோடு வட்டமாகி, வட்டம் சுருங்கி, ஒருநாள் மூடிக்கொண்டது. டாக்டரம்மாவே என்னைக் கைத்தாங்கலாக முற்றத்தைக் கடக்க வைத்தாள். நாள்கணக்காகக் கிடந்த கால் குழந்தையின் கால் மாதிரி தடுமாறியது. பேச்சியம்மாள் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். நான் காலைத் தூக்கி அவள் கட்டில் விளிம்பில் வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். விரலால் தடவினாள். சுற்றிலும் அழுத்தினாள். வலிக்கிறதா என்றாள். கூசுகிறது என்றேன். மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சொன்னது முடிஞ்சுது. பழனிக்கு ரெண்டு பேரும் நடந்து மலையேறணும். அதுக்குத் தெம்பு வேணும்," என்று சொல்லிவிட்டு, கதவருகே நின்ற பீவாத்துவைப் பார்த்தாள். "ஒன் தூக்குல என்னடி வெச்சிருக்க, எடு."

பீவாத்து கக்காவைச் சோற்றில் பிசைந்து அவள் வாயில் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே அழுதாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். தேங்காயும் மிளகும் நாக்கின் ஓரத்தில் எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. எனக்கு ருசி திரும்பிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. பேச்சியம்மாளைப் பார்த்தேன். நல்லாருக்கு என்றாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன். அது மரியாதைக்குச் சொன்னது என்று தெரியாதா?

வீட்டுக்கு வந்தோம். அவளை அடுப்புப் பக்கம் விடாமல் நானே சமைத்தேன். கால் ஆறியும் மனசு ஓயவில்லை. இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொடுவேன். பஜாரில் ஒரு கடையில் விலை பேசும்போதே வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிகள் வரவில்லை, காய்ச்சல் வரவில்லை. ஆனால் அவள் நாக்கு வரவில்லை. வயசாகிவிட்டால் சிலருக்கு நாளாகும், சிலருக்குப் பழையபடி வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். சாளை மீன் குழம்பு வைத்தாலும் பயற்றுக் கூட்டு வைத்தாலும் உப்பே போடுவதில்லை. என் தட்டில் மட்டும் அவள் பார்க்காதபோது கல் உப்பை நசுக்கிப் போட்டுக்கொள்வேன். அவள் சாப்பிடுவாள். உப்பு சரியா இருக்கா என்று இப்போது கேட்பது என் முறை. சரியா இருக்கு என்பாள். நான் சரி என்று எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். மழை முழுவதுமாக விட்டது, படகுத்துறையில் புதுப் பலகை போட்டார்கள், பரீது தோளில் மறுபடியும் மூட்டை ஏறியது. தினமும் கேட்டேன். தினமும் சரியாகவே இருந்தது.

ஒரு மத்தியானம் குழம்பை ஊற்றிவிட்டு, கேட்கக்கூட மனசில்லாமல், கரண்டியைக் கழுவிக்கொண்டு நின்றேன். பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"என்னங்க இது, ஒரு கல்லு உப்புகூட இல்ல? இத மனுசன் திம்பானா?"

திரும்பிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு வாய் மீனை விரலில் பிடித்தபடி இருந்தாள். நாற்பது வருஷத்தில் என்னை எதற்காகவும் அவ்வளவு கோபமாக அவள் பார்த்ததில்லை. இத்தனை நாளும் இதையா போட்டீர்கள் என்று கேட்டாள். உப்பு ஜாடி எங்கே என்று கேட்டாள். என் தட்டுக்குப் பக்கத்தில் அது ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து இன்னும் கோபப்பட்டாள்.

அடுப்படித் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். படகுத்துறையில் மணி அடித்தது. கோடவுனில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அவள் திட்டி முடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, தட்டைக் காலி பண்ணும்வரை நான் எழுந்திருக்கவில்லை.